வந்தனத்தில் விட்ட பெயர்

ராசா,

நீ மெட்ராசுக்குக் கிளம்பிப் போய் இன்றோடு ஒன்பது நாள். இந்நேரம் சளி பிடித்திருக்கும்; தண்ணீர் மாறினாலே உனக்கு ஆகாது. மிளகைத் தட்டிப் போட்டு வெந்நீர் குடி. பாடுகிறவனுக்குத் தொண்டையைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லைதான், ஆனாலும் இதைச் சொல்லாமல் எந்த அம்மாவாலும் கடிதத்தை ஆரம்பிக்க முடியாது. உன் இன்லண்டு லெட்டர் செவ்வாய்க்கிழமை வந்தது. உன் அப்பா கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மூன்று தடவை வாசித்தார். ரிக்கார்டுக் கம்பெனிக்காரர் உன் குரலைக் கேட்டுவிட்டு எழுந்து வந்து கைகொடுத்தார் என்றும், உன்னை வைத்து இரண்டு பாட்டுப் பதிவு செய்யப் போகிறார்கள் என்றும் எழுதியிருந்தாய். எனக்கு உடம்பு புல்லரித்துவிட்டது. உலையில் கிடந்த சோறு குழைந்துபோனது, அன்றைக்கு எல்லோரும் கூழாகத்தான் குடித்தோம். உன் அப்பா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை என்றால் அவருடைய சந்தோஷத்தை நீயே கணக்குப் போட்டுக்கொள்.

கடைசி நாலு வரியை மட்டும் அவர் சத்தமாக வாசிக்கவில்லை, என்னிடம் நீட்டிவிட்டார். உன் பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க அங்கேயே ஆட்கள் இருக்கிறார்களாம், உன் செட்டில் உள்ள பாண்டியும் மற்ற இரண்டு பேரும் வேண்டாமாம். அவர்கள் வந்து கேட்டால், கோயம்புத்தூர் மில்லில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், அதற்குப் போயிருக்கிறான் என்று சொல்லிவிடு, பிறகு நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். சொன்னேன். நீ சொன்னபடியே சொன்னேன். மறுநாள் வந்தார்கள், மறுபடியும் சொன்னேன். மில்லின் பெயர் என்ன என்று பாண்டி கேட்டான், அதையும் வாய்க்கு வந்தபடி ஒன்று சொல்லிவைத்தேன். வெள்ளிக்கிழமை வந்து, "அத்தை, அவன் வந்ததும் சொல்லுங்க, பங்குனிப் பொங்கலுக்குப் புதுப் பாட்டு ஒண்ணு முடிச்சிட்டேன், அவன் தொண்டைக்குன்னே கட்டுனது" என்றான். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை.

நீங்கள் நாலு பேரும் சேர்ந்து பட்ட பாட்டை நான் பார்த்திருக்கிறேன். பாண்டியின் மாமா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு, தெருவெல்லாம் விசைத்தறி ஓடுகிற ஊரில் பாட்டுப் பதியப் புறப்பட்டீர்கள். கரண்ட் போனால்தான் தறி நிற்கும், தறி நின்றால்தான் பாட்டு. எல்லோரும் கரண்ட் போனால் திட்டுவார்கள், நீங்கள் நாலு பேரும் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு ஓடுவீர்கள். பாட்டுக் கட்டுவது பாண்டி, பாடுவது நீ, மற்ற இரண்டு பேரும் கிடைத்ததை எல்லாம் தட்டியும் மீட்டியும் ஓசை சேர்ப்பார்கள். ஒரு நாடாவிலிருந்து இன்னொரு நாடாவுக்கு ஏற்றி ஏற்றி, டீக்கடை டீக்கடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். பந்தல்குடி ரோட்டில் லாரி நிறுத்தி டீக் குடித்த யாரோ ஒரு மகராசன் அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு போனதால்தான் இன்று மெட்ராஸ் உன்னைக் கூப்பிட்டிருக்கிறது. அந்த நாடாவில் இருப்பது நாலு பேர்.

போகாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. போ, பாடு, நன்றாக இரு. ஆனால் உன் அம்மாவும் ஒரு காலத்தில் மெட்ராசுக்குப் போய் இசைத்தட்டுக் கொடுத்தவள்தான். அந்தத் தட்டைப் பற்றி உனக்குச் சொல்லும்போதெல்லாம் சிரிக்கிற பகுதியை மட்டும் சொல்லியிருக்கிறேன். மிச்சத்தைச் சொல்லும் தைரியம் எனக்கு இத்தனை வருஷமாக வரவில்லை.

உனக்கு ஐந்து வயது நடந்த வருஷம் அது. முளைப்பாரிக்குக் கும்மி கொட்டாத ஊர் நம் பக்கத்தில் கிடையாது. ஆனால் எங்கள் செட்டை மட்டும் திருச்சுழி வரைக்கும் வண்டி வைத்துக் கூப்பிட்டார்கள். செட்டு என்றால் நாலே பேர். உன் அப்பா ஆர்மோனியப் பெட்டி, மாரியப்பன் அண்ணன் டோலக், நானும் பாளையம்பட்டிச் சண்முகத்தாயும் பாட்டு. எனக்குக் குரல் கணீரென்று இருக்கும், ஒலிபெருக்கி இல்லாமலே கண்மாயின் அந்தக் கரைக்குக் கேட்கும். சண்முகத்தாய்க்குக் கரகரத்த தொண்டை. ஆனால் பாட்டெல்லாம் அவள் கட்டியது. ஓர் ஊருக்குள் நுழையும்போதே அந்த ஊர்க் கிணறு வற்றிய கதை, தலையாரி வீட்டு ஆடு காணாமல்போன கதை எல்லாவற்றையும் விசாரித்துவிடுவாள். முளைப்பாரியைச் சுற்றி நிற்பதற்குள் அது பாட்டாகி இருக்கும். வீட்டில் நமக்குத் தெலுங்கு, வெளியில்தான் தமிழ். எனக்குத் தமிழில் பாட வரும், கட்ட வராது. அவள் வாயைத் திறந்தால் வரி தானாக வந்து விழும்.

வந்தனத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும், நீங்கள் இப்போது அதைப் பாடுவதில்லை. கும்மி தொடங்குமுன் பிள்ளையாருக்கு வந்தனம், அம்மனுக்கு வந்தனம், ஊர்ப் பெரியவர்களுக்கு, கூடி நிற்கும் சனத்துக்கு, பிறகு செட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி வந்தனம். நான் பெயர் சொன்னால்தான் அவரவர் உள்ளே வருவார்கள். மாரியப்பா வந்தனம் என்றால் அதற்கப்புறம்தான் டோலக் பேசும். உன் அப்பாவைச் சொன்னபின்தான் பெட்டி பேசும். நான் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்பதால், "பெட்டிக்காரவுகளுக்கு வந்தனம்" என்பேன், பெண்கள் எல்லாம் சிரிப்பார்கள். கடைசியாகப் பாட்டுக் கட்டியவருக்கு. "பாட்டுக் கட்டும் சம்முகத்தாயே, பாதம் தொட்டு வந்தனம்" என்று நான் இழுத்து நிறுத்தியதும், பாட்டின் முதல் வரியை அவள் எடுப்பாள். அந்தக் கரகரத்த குரலில் ஒரே ஒரு வரி. பிறகு பாட்டு என்னிடம் வந்துவிடும். கட்டியவர்தான் முதல் வரியைத் தரையில் இறக்க வேண்டும், அதுதான் எங்கள் முறை.

இசைத்தட்டு யோசனை பந்தல்குடி காசியுடையது. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ரேடியோ செட்டும் ஒலிபெருக்கிக் குழாயும் கட்டுகிறவர். "ஊரு ஊருக்கு சினிமாப் பாட்டே போட்டுப் போட்டு எனக்கே சலிச்சுப்போச்சு. நம்ம பாட்டை நாமளே பிளேட்டுல ஏத்துவோம். அதை எங்கெங்க ஒலிக்க வைக்கணுமோ அதை நான் பாத்துக்கிறேன்" என்றார். மெட்ராசில் ஒரு சின்னக் கம்பெனி, முந்நூறு தட்டை நாமே எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்தால் பதிவு செய்து கொடுக்குமாம். அந்த வருஷம் பாடிக் கிடைத்ததை ஒருவரும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, எல்லாம் தட்டுக்கு. தட்டின் நடுவில் ஒட்டும் காகிதத்தில் யார் பெயரையும் போட வேண்டாம், ஊர்ப் பெயரை மட்டும் போடுவோம் என்று சண்முகத்தாய்தான் சொன்னாள். "பேருதான் வந்தனத்துல வந்துருமே. எழுத்துப் படிக்கத் தெரியாதவுகளுக்கும் அதுல கேக்கும்ல?" என்றாள். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது.

ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் பிடிக்கும் என்று கம்பெனியிலிருந்து எழுதியிருந்தார்கள். பக்கத்து வீட்டு அலாரம் கடிகாரத்தை இரவல் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு மாதம் பாடிப் பாடிப் பார்த்தோம். மழை மேகத்தைப் பற்றிச் சண்முகத்தாய் கட்டியது பதினெட்டு அடி.

கருத்த மேகம் போகுதடி கடலைப் பாத்துப் பேச
காத்திருக்கும் கம்மாக்கரை கண்ணு ரெண்டும் கூச

என்று தொடங்கும். நம் தலைக்கு மேலாகவே போய்த் தூத்துக்குடிக் கடலில் கொட்டுகிற மேகத்தைத் திட்டுகிற பாட்டு. நம் பக்கத்துச் சனம் கேட்டால் வாய்விட்டுச் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். பதினெட்டு அடியை ஆறாகக் குறைக்க வேண்டும். யாருக்கும் மனசு வரவில்லை. "எம்பாட்டுதான, நானே வெட்டிக்கிறேன். வேற ஆளு கை வச்சாத்தான் வலிக்கும்" என்று அவளே பன்னிரண்டு அடியையும் தள்ளிவிட்டாள். கடைசியில் பெரிய முள் மூன்று கோடு நகர்வதற்குள் பாட்டு கச்சிதமாக முடிந்தது. நாங்கள் வெற்றி வெற்றி என்று கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடித்தோம்.

உன்னை உன் அத்தை வீட்டில் விட்டுவிட்டு ஐந்து பேரும் ரயிலேறினோம். பதிவு செய்கிற அறை, சுவரெல்லாம் துணி அடித்து, காற்று புகாமல் இருந்தது. சத்தம் வரும் என்று விசிறியையும் நிறுத்திவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒல்லியாக ஒரு மனிதர். ஒரு மணி நேரம்தான் உங்களுக்கு, அடுத்த கோஷ்டி வெளியில் காத்திருக்கிறது என்றார். சிவப்பு விளக்கு எரிந்ததும் நான் இரண்டு கையையும் குவித்து, கண்ணை மூடி, பிள்ளையாருக்கு வந்தனம் சொன்னேன். அம்மனுக்குச் சொன்னேன். மெட்ராசில் உள்ள பெரியவர்களுக்கும் சேர்த்துச் சொன்னேன். குரல் அன்றைக்கு அப்படி வந்தது. சனத்துக்கு வந்தனம் என்று வரும்போது கண்ணைத் திறந்தால் விளக்கு அணைந்து கிடக்கிறது, அந்த மனிதர் இந்தப் பக்கம் வந்து நிற்கிறார். "அம்மா, நல்லா இருக்கு. பாட்டு எப்போ ஆரம்பிக்கும்?" என்றார். மாரியப்பன் அண்ணன் பயந்துபோய், "சாமி, இன்னும் எம்பேரே வரலயே" என்றார். ஒரு மாதமாகக் கடிகாரத்தை வைத்துப் பாடினோமே, அதில் ஒருநாளாவது வந்தனத்துக்கு நேரம் பார்த்தோமா? வந்தனத்தைப் பாட்டு என்றே நாங்கள் ஐந்து பேரும் எண்ணியிருக்கவில்லை. அது வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, யாராவது அதற்கு நேரம் குறிப்பார்களா? இந்த இடம்வரைக்கும் நீ பல தடவை கேட்டுச் சிரித்திருக்கிறாய்.

வந்தனத்தை விட்டுவிடுவோம் என்றார் காசி. "சாமியக் கும்பிடாம வாயத் தொறந்தா தொண்ட கட்டிக்கிரும், நான் பாட மாட்டேன்" என்று சண்முகத்தாய் மூலையில் போய் நின்றுகொண்டாள். கடைசியில் நாலே வரி என்று முடிவானது. பிள்ளையாருக்கு ஒன்று, அம்மனுக்கு ஒன்று, டோலக்குக்கும் பெட்டிக்கும் சேர்த்து ஒன்று, சண்முகத்தாய்க்கு ஒன்று. அவள் பெயர் வந்ததும் அவள் முதல் வரியை எடுக்க வேண்டியது. பாட்டிலும் இரண்டு அடியைக் குறைத்தாள். ஒருதடவை பாடிப் பார்த்தோம், சரியாக வந்தது. இனி இன்னொரு தடவைக்கு நேரம் இல்லை, இதுதான் கடைசி என்றார் அந்த மனிதர்.

விளக்கு எரிந்தது. பிள்ளையார் முடிந்தது, அம்மன் முடிந்தது, டோலக்கும் பெட்டியும் உள்ளே வந்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் ஒரு விரலை உயர்த்தினார். மைக்குக்கு இன்னும் ஒட்டி நில் என்கிறாரா, சீக்கிரம் என்கிறாரா, எனக்குத் தெரியாது. நான் சண்முகத்தாயின் வரியைத் தாண்டினேன். கருத்த மேகம் போகுதடி என்று முதல் வரியை நானே எடுத்தேன். அவள் எனக்குப் பின்னால் நின்றிருந்தாள். இரண்டாவது வரியிலிருந்து அவளும் கும்மியோடு சேர்ந்து பாடினாள், ஒரு கைத்தட்டுக்கூடத் தப்பவில்லை. பாட்டு முடிந்ததும் அந்த மனிதர் பெருவிரலைக் காட்டினார். எல்லோரும் ஓவென்று கத்தினார்கள்.

விரலைப் பார்த்துப் பதறிவிட்டேன் என்று என்னிடமே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். விரலைப் பார்த்தது உண்மைதான். பார்த்ததும் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததே, அதுவும் உண்மை. எந்த ஊருக்குப் போனாலும் பாடி முடித்ததும் பெண்கள் அவளைத்தான் சூழ்ந்துகொள்வார்கள். எங்க கிணத்தைப் பாடுனீகளே, எங்க ஆத்தா பேரைச் சொன்னீகளே என்று அவள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். தொண்டை வறளப் பாடிய நான் ஆர்மோனியப் பெட்டிக்குக் காவல் இருப்பேன். எனக்குப் பொறாமை ராசா. உன் அம்மாவைப் பற்றி இப்படி வாசிக்க உனக்குக் கஷ்டமாக இருக்கும், எழுத எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மறுநாள் காலையில் எழும்பூரில் ரயிலேறினோம். பகல் பூராவும் பயணம். அவள் எனக்கு எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை, "விட்டுப்போச்சு சம்முகத்தாயி" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே? ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சொல்வோம் சொல்வோம் என்று நினைத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பாளே என்று பயம். கடைசியில் சன்னல் ஓரமாகத் தலையைச் சாய்த்துத் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டேன். திண்டுக்கல் வந்தபோது அவள் பொரிகடலை வாங்கி எல்லோருக்கும் பங்கு வைத்தாள், என் பங்கை என் முந்தானை நுனியில் முடிந்து மடியில் வைத்தாள்.

தட்டு வந்து சேர்ந்தது. உடையாமல் இருக்க நெய்த சேலைகளுக்கு இடையில் அடுக்கி வைத்தோம். ஐந்து பேரும் ஆளுக்கு ஒரு திசையாகப் பிரித்துக்கொண்டோம். தூத்துக்குடி ரோடு காசிக்கு, திருச்சுழிப் பக்கம் மாரியப்பன் அண்ணனுக்கு, அருப்புக்கோட்டை டவுன் எங்களுக்கு, பாளையம்பட்டியிலிருந்து அதற்கு அப்பால் உள்ள ஊரெல்லாம் சண்முகத்தாய்க்கு. ரேடியோ செட் வைத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு தட்டு சும்மா கொடுப்பது, சினிமாப் பாட்டுக்கு முன்னால் இதைத்தான் முதலில் போட வேண்டும் என்று சத்தியம் வாங்குவது, இதுதான் காசி சொல்லிக்கொடுத்த வழி. எங்கள் எல்லோரையும்விட அதிக ஊர் நடந்தது சண்முகத்தாய்தான். பஸ் போகாத ஊருக்கும் தலையில் துணி மூட்டையாகத் தட்டைச் சுமந்துகொண்டு போனாள். தன் பெயர் இல்லாத தட்டை ஊர் ஊராகப் போய்ப் போட வைத்தாள்.

நாங்கள் நினைத்ததைவிட நன்றாக ஓடியது. பிள்ளையார் வந்தனத்தோடு தொடங்குவதால் எந்த விசேஷத்துக்கும் முதல் தட்டு எங்களுடையதாகிவிட்டது. பூப்புனித நீராட்டுக்கும் அதுதான், கடை திறப்புக்கும் அதுதான். குழாயில் அது வரும்போதெல்லாம் நான் ஓர் இடத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். வந்தனம் முடிந்து நான் முதல் வரியை எடுப்பதற்கு முன்னால், காது கொடுத்துக் கேட்டால், ஒரு மூச்சு இழுக்கிற சத்தம் இருக்கிறது. அது என் மூச்சு இல்லை. தன் பெயர் வரப்போகிறது என்று அவள் பாடுவதற்கு இழுத்த மூச்சு. ஊருக்கே கேட்கும்படி அது ஒலிக்கும், என்னைத் தவிர யாருக்கும் அது என்ன என்று தெரியாது.

திருச்சுழியிலிருந்து நாலு பேர் நம் வீட்டுக்கு வந்து, "இந்தப் பாட்டைக் கட்டுனது நீங்கதானக்கா? எங்க ஊருக்கும் ஒண்ணு கட்டிக் குடுங்க" என்றார்கள். "எல்லாரும் சேந்துதான் கட்டுனோம்" என்றேன். உன் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பேச்சு சண்முகத்தாயின் காதுக்குப் போக எத்தனை நாள் ஆகும், ஒரு சந்தை நாள் போதாதா?

இரண்டாவது தட்டுப் போடலாம் என்று காசி கூட்டினார். கம்பெனிக்காரர்களே இந்தத் தடவை கேட்டு எழுதியிருந்தார்கள். எல்லோருமாகப் பாளையம்பட்டிக்குப் போனோம். சண்முகத்தாய் வாசலுக்கு வந்து, எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். முகத்தில் ஒரு கோபமும் இல்லை. "எனக்குப் பாட்டு வரல மதினி" என்றாள். வற்புறுத்தினோம். "வந்தாக் குடுக்க மாட்டேனா? உள்ள ஒண்ணும் வரல" என்றாள். அவள் இல்லாவிட்டால் என்ன, நான் கட்டுகிறேன் என்று கிளம்பினேன். ஒரு மாதம் உட்கார்ந்து நான் கட்டிய பாட்டைக் கேட்ட மாரியப்பன் அண்ணன், "தங்கச்சி, இது ரேசன் கடையில படிக்கிற லிஸ்டு மாதிரி இருக்கு" என்றார். அவர் சொன்னது சரிதான். அடுத்த பங்குனியோடு செட்டு கலைந்தது. ஒரு சண்டை இல்லை, ஒரு கூச்சல் இல்லை. மாரியப்பன் அண்ணன் வேறு கோஷ்டிக்குப் போனார். உன் அப்பாவின் பெட்டி பரணுக்கு ஏறியது. பாளையம்பட்டி முளைப்பாரியில் சண்முகத்தாய் யாரோ கட்டிய பாட்டுக்குப் பின்வரிசையில் நின்று கும்மி கொட்டினாள் என்று கேள்விப்பட்டேன்.

உன் கடிதம் வந்த பிறகு நாலு நாள் நான் நானாக இல்லை. சனிக்கிழமை டவுன் பஸ் ஏறிப் பாளையம்பட்டிக்குப் போனேன். அவள் இப்போது வீட்டு முன்னால் சின்னதாகக் கடை வைத்திருக்கிறாள், வெற்றிலையும் முறுக்கும் சோடாவும். தலை நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும், "வாங்க மதினி" என்று முக்காலியைத் துடைத்துப் போட்டாள். போனதும் சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் மறுபடி சொல்லாமலே திரும்பியிருப்பேன். "சம்முகத்தாயி, அன்னைக்கு ஒம்பேரை நான் மறந்து விடல. தெரிஞ்சேதான் விட்டேன்" என்றேன்.

ஒரு பையனுக்கு முறுக்கு எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு அவள் என் பக்கம் திரும்பினாள். "அது எனக்குத் தெரியும் மதினி" என்றாள். "ரூமுல வெளக்கு எரிஞ்சப்ப எனக்குத் தெரியல. பயந்துட்டீக, தாண்டிப் போயிட்டீகன்னுதான் நெனச்சேன். ரயில்ல நீங்க கண்ண மூடிக்கிட்டு வந்தீக. தூங்குறீகன்னு பாத்தா, கீழ ஒங்க காலு தாளம் போட்டுக்கிட்டே வந்துச்சு. நம்ம பாட்டுத் தாளம். தூங்குற ஆளுக்குக் காலு தாளம் போடுமா? அப்பத்தான் தெரிஞ்சது, எம்மூஞ்சியப் பாக்க மாட்டாமதான் கண்ண மூடியிருக்கீகன்னு."

அவளே தொடர்ந்தாள். "பேரு என்ன பெரிய பேரு. அன்னைக்கு நீங்க, மறந்துட்டேன்னு ஒரு பொய் சொல்லியிருந்தாக்கூட நம்பியிருப்பேன். நம்பணும்னுதான் நானும் நெனச்சேன். அதுக்கப்பறம் ஒரு வரி கட்டலாம்னு உக்காந்தா, வரி வரல. அந்தக் காலுதான் வந்துச்சு." நான் அழுதேன். அவள் அழவில்லை. சோடாவை உடைத்து என் கையில் கொடுத்து, "இத்தன வருசங்கழிச்சு இப்ப என்ன திடீர்னு?" என்றாள். உன் சங்கதியைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் பயலுகளுக்குத் தெரியுமா?" என்று ஒன்றே ஒன்று கேட்டாள். தெரியாது என்றேன். "அப்ப எங்கிட்ட என்ன பேச்சு? நீங்க பஸ்ஸப் புடிங்க மதினி" என்றாள்.

ராசா, நீ தனியாகப் பாடுவது தப்பில்லை. கம்பெனிக்காரனுக்கு உன் குரல் மட்டும் வேண்டும் என்றால் அது அவனுடைய கடை, அவனுடைய இஷ்டம். பாண்டிக்கு வருத்தமாக இருக்கும், இரண்டு நாள் உன்னோடு பேச மாட்டான், திட்டவும் செய்வான். திட்டினால் வாங்கிக்கொள். அதையெல்லாம் அவன் தாங்குவான். நீ பக்குவமாகச் சொல்லலாம் என்று தள்ளிப்போடுகிறாயே, அதைத்தான் தாங்க மாட்டான். பக்குவம் வந்து சேர எனக்கு எத்தனை வருஷம் ஆனது, பார். அதற்குள் ஒரு மனுஷிக்குப் பாட்டே நின்றுபோய்விட்டது. எத்தனை ஊர்க் கிணறும் எத்தனை ஊர் மேகமும் பாட்டாகாமலே போயினவோ. நான் அவளிடமிருந்து எடுத்தது ஒரு வரி என்று நினைத்திருந்தேன். பாண்டிக்கு இப்போதுதான் இருபத்திரண்டு வயது. அவன் இன்னும் எவ்வளவோ கட்ட வேண்டியவன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாண்டி வழக்கம்போல வந்தான். "கோயம்புத்தூர்லருந்து லெட்டர் வந்துச்சா அத்தை?" என்றான். அவன் கோயம்புத்தூரில் இல்லை, நான் பொய் சொன்னேன், மெட்ராசில் இருக்கிறான் என்று சொன்னேன். எதற்கு என்று கேட்டான். "அதை அவன்தான் ஒங்கிட்டச் சொல்லணும், நீ போய் அவங்கிட்டயே கேளு" என்று உன் விலாசத்தை எழுதிக் கொடுத்தேன். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பிறகு, நாளைக்கே போறேன் அத்தை, அவனுக்கு ஏதாச்சும் குடுத்தனுப்பணுமா என்றான். அப்படித்தான் கேட்டான். உட்காரு, ஒரு கடுதாசி தருகிறேன் என்றேன். இவ்வளவு நேரமும் நான் எழுதிக்கொண்டிருக்க, அவன் கூடத்தில் உன் அப்பாவோடு பேசிக்கொண்டிருக்கிறான்.

இதை மடித்து உறையில் போட்டு, ஒட்டாமல்தான் அவன் கையில் கொடுக்கப் போகிறேன். வழியில் பிரித்துப் பார்க்க மாட்டான், எனக்கு அவனைத் தெரியும். நீ இந்த வரிக்கு வந்து சேரும்போது அவன் உன் எதிரில் நின்றுகொண்டிருப்பான், ஒன்றும் தெரியாமல், ராத்திரி பூராவும் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த அசதியோடு. கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு, முதலில் அவனை உட்காரச் சொல்.